செராமிக் பூச்சும் ஒரு மஞ்சள் துணியும்

என் சித்தப்பா மகன் வரும் வெள்ளிக்கிழமை புதுக் கார் எடுக்கிறான். அடர்நீலம். பெயிண்ட்டின் மேல் பூசும் கண்ணாடி போன்ற மெல்லிய பாதுகாப்புப் படலமான செராமிக் கோட்டிங்குக்கு 32,000 ரூபாய், வண்டியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே போட்டுத் தந்துவிடுகிறோம் என்று ஷோரூமில் சொல்லியிருக்கிறார்கள். "போடலாமா அண்ணா?" என்று கேட்டான். அரை மணி நேரம் தொலைபேசியில் பேசியும் எனக்கு மனம் ஆறவில்லை. பெங்களூருவில் இருக்கும் நம்மவர்கள் பலரும் இதையே கேட்கிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் மரத்தடியில் நிற்கிற, தினமும் விடியற்காலையில் யாரோ துடைத்துவிட்டுப் போகிற காருக்குச் செராமிக் பூச்சு வேண்டாம். அந்தப் பணம் வீண்.

நானும் போட்டவன்தான். 2021-இல் கறுப்பு நிறக் கார் வாங்கிய கையோடு 28,000 ரூபாய் கொடுத்தேன். ஐந்து ஆண்டு உத்தரவாதம், 9ஹெச் கடினத்தன்மை, கீறலே விழாது என்றார்கள். முதல் மழையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடியதைப் பார்த்து வீடே மகிழ்ந்தது. இரண்டாவது தீபாவளிக்கு முந்தைய நாள், சாய்ந்த வெயில் பானெட்டில் விழுந்தபோதுதான் கவனித்தேன். வெளிச்சப் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை போல நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள். கைப்பேசி விளக்கை எங்கே காட்டினாலும் அங்கே ஒரு வலை. கடைக்குப் போனால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3,500 ரூபாய் கட்டிப் பராமரிப்பு செய்துகொள்ளாததால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது இருக்கத்தான் செய்தது. பணம் வாங்கும்போது ஒருவரும் அதை வாய்திறந்து சொல்லவில்லை.

அந்த 9ஹெச் என்ன என்று அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். பிள்ளைகள் எழுதும் ஹெச்பி பென்சில் இருக்கிறதே, அந்த வரிசையில் மிகக் கடினமானவற்றில் ஒன்று 9ஹெச். அந்தப் பென்சிலால் கீறினால் பூச்சில் தடம் விழவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஆனால் நம் தெருவில் பறப்பது பென்சில் தூள் இல்லையே. மணலில் இருப்பது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரணக் கண்ணாடிக்கே ஐந்தரை சொச்சம்தான். கண்ணாடியைக் கீறும் மணல், கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய படலத்தை விட்டுவைக்குமா?

எவ்வளவு மெல்லிய படலம் என்பதையும் பாருங்கள். தொழிற்சாலையில் காருக்கு அடிக்கும் பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் 40, 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காப்பது அதுதான். நம் தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். செராமிக் பூச்சோ ஒன்றிரண்டு மைக்ரான். ஓசூர் தாண்டிக் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரி தெறிக்கவிடும் ஜல்லியை அது எப்படித் தடுக்கும்? கல்லடி தாங்க வேண்டுமென்றால் பாலியூரிதேன் ஃபிலிம் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை ஒட்ட வேண்டும். அது 150, 200 மைக்ரான் தடிமன், விலையும் பல மடங்கு.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பூச்சு போட்ட அன்று கார் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கிறதே, அந்தப் பளபளப்பில் பெரும்பங்கு பூச்சுக்கு முன்னால் மெஷின் வைத்துத் தேய்க்கும் பாலிஷுடையது. பாலிஷ் என்றால் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுப்பது. புதுக் காருக்கு அப்படிச் சீவ வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. அவசரக் கையில் மெஷினைக் கொடுத்தால் வாகனத்தின் ஆயுளுக்கும் இருக்க வேண்டிய கவசத்தை முதல் நாளே குறைத்துவிடுவார்கள்.

கீறல் எப்படி வந்தது என்று நான் கண்டுபிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அல்சூரில் எங்கள் தெருவில் 18 கார்களைத் துடைப்பவர் ஒருவர்தான். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். ஐந்து மணிக்கெல்லாம் வந்துவிடுவார். ஒரு வாளி, ஒரு மஞ்சள் துணி. பக்கத்துக் காரின் சக்கரத்தைத் துடைத்த அதே துணியை வாளியில் ஒரு முக்கு முக்கிப் பிழிந்து என் பானெட்டில் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். வாளியை எட்டிப் பார்த்தேன். அடியில் விரல் கனத்துக்கு மணல் படிந்திருந்தது. வேறு துணி இல்லையா என்று கேட்டேன். "ஒரு காருக்கு ஒரு துணி என்றால் எனக்கு யார் வாங்கித் தருவது சார்? தினமும் துடைக்கச் சொல்லி நீங்கள்தானே கேட்டீர்கள்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. 28,000 ரூபாய் பூச்சுக்குக் கொடுத்த நான், மாதம் 500 ரூபாய் கொடுத்து அதன்மேல் தினமும் மணலைத் தேய்க்கச் செய்திருக்கிறேன்.

பூச்சால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் வாசலில் இருப்பது தூங்குமூஞ்சி மரம், மேலே எப்போதும் காக்கைகள். எச்சம் விழுந்தால் வெறும் பெயிண்ட்டில் சில மணி நேரத்தில் தடம் பதிந்துவிடும் வெயில் இது. பூச்சு இருந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், ஈரத்துணியில் எளிதாக வந்துவிடும். அழுக்கும் இறுக ஒட்டாது, குறைந்த தண்ணீர் போதும். 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததே, அந்தக் கோடையில் அரை வாளியில் என் காரைத் துடைக்க முடிந்தது. அதை மறைத்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

ஆனால் அதே ஊரின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் அந்தப் பூச்சுக்குப் பெரும் எதிரி. கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த உப்புத் தண்ணீர் முத்து முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால், ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுச் செல்லும். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கவில்லை என்றால் அந்த வளையம் பூச்சிலேயே ஊறிவிடும். என் காரின் கதவுகளில் இன்றும் இருக்கிறது.

ஆகவே யாருக்குப் பொருந்தும்? கூரையுள்ள நிறுத்துமிடம் இருந்து, தன் கையாலேயே கழுவி, ஏழெட்டு ஆண்டு அந்தக் காரை வைத்துக்கொள்ளப் போகிறவர் என்றால் தாராளமாகப் போடலாம். அவரும் ஷோரூமில் போட வேண்டாம். டெலிவரி நாள் நெருக்கடியில் எத்தனை பொறுமையாகச் செய்வார்கள்? பூச்சைச் சிறு சிறு கட்டமாகத் தேய்த்து, வானவில் போல மினுங்கும் நேரம் பார்த்துத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படாமல் உள்ளேயே நிறுத்த வேண்டும். வெள்ளை, வெள்ளி நிறக் கார்க்காரர்களுக்கு நுண்கீறல் அவ்வளவாகக் கண்ணில் படாது. அவர்கள் கடையில் கிடைக்கும், தெளித்துத் துடைத்துவிடும் சிலிக்கா ஸ்ப்ரேயைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அடித்துக்கொண்டாலே போதும்.

நான் இப்போது செய்வது இதுதான். துடைப்பவருக்கு ஆறு மைக்ரோ ஃபைபர் துணிகளும், துணியைத் தனியே அலச இரண்டாவது வாளியும் வாங்கிக் கொடுத்தேன். சம்பளத்தை 800 ஆக்கி, தினமும் வேண்டாம், வாரம் இரண்டு முறை போதும் என்றேன். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டுத்தான் துணியை வைக்கிறார். ஓராண்டாகப் புதிய கீறல் கண்ணில் படவில்லை.

தம்பி நேற்றிரவு மீண்டும் அழைத்தான். செராமிக்கை விட்டுவிட்டானாம். மாதம் இருமுறை தருமபுரி போய் வருகிறவன் என்பதால் முன்பம்பருக்கும் பானெட் விளிம்புக்கும் மட்டும் ஃபிலிம் ஒட்ட, கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் விலை விசாரித்திருக்கிறான். "துணி எங்கே வாங்கினாய் அண்ணா?" என்று கேட்டான். வெள்ளிக்கிழமை நானே நான்கு வாங்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போகிறேன்.