அந்தச் சத்தம் நைதரசன், பியர் இல்லை

பியர் ஆலையில் அடைத்த நிவாரணத் தண்ணீர் டின்களைப் பற்றி நீங்கள் "திறந்தால் 'புஸ்' எண்டு சத்தம் வருது, பியர் மிச்சம் கிடக்கு, மூதூர், கிண்ணியா முகாம்களுக்கு டின் தண்ணி வேண்டாம்" எண்டு எழுதியிருப்பது பிழை, அண்ணா.

வெறும் தண்ணீரில் காஸ் இல்லை. டின்னின் சுவர் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான், உள்ளே அழுத்தம் இல்லாமல் அடுக்கினால் நசுங்கிவிடும். அதனால்தான் மூடி பொருத்தச் சற்று முன் ஒரு சொட்டுத் திரவ நைதரசன் விடுவார்கள். அது ஆவியாகி விரிந்து டின்னை விறைப்பாக்கும். நீங்கள் கேட்பது அந்தச் சத்தம். பியர் ஓடிய குழாய்களைச் சூடான கோஸ்டிக் சோடாவால் கழுவி அலசிய பிறகே தண்ணீர் நிரப்புவார்கள். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில், காட்டர்ஸ்வில் பியர் ஆலை பல வருடமாக நிவாரணத்துக்குத் தண்ணீர் அடைக்கிறது.

பார்க்க வேண்டியது மூடியின் விளிம்பு மடிப்பை. அங்கே நசுங்கியிருந்தால், கசிந்தால், டின் உப்பியிருந்தால் தயவுசெய்து ஒதுக்குங்கள். கைக்குழந்தையின் பால்மாவுக்கு இந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்தே எடுங்கள்.