‘பெஸ்ட் ஜம்ப்ஷாட்’ தேடும் தம்பிமாருக்கு

என்பிஏ 2கே என்ற கூடைப்பந்து வீடியோ கேம் விளையாடுகிற நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே ஜம்ப்ஷாட்டைத்தான், அதாவது குதித்து எறியும் ஒரே பாணியைத்தான், வைத்திருக்கிறார்கள். ஹட்டனில் ஒருவன், தலவாக்கலையில் ஒருவன், பண்டாரவளையில் ஒருவன். மூன்று பேருடைய ஆட்டக்காரனும் ஒரே மாதிரிக் குதித்து ஒரே மாதிரி எறிகிறான். ஏன்டா என்று கேட்டால் போனை எடுத்து யூடியூப்பைக் காட்டுவார்கள். “இதுதான் அண்ணே இப்ப பெஸ்ட், மிஸ்ஸே ஆகாது.” ஆட்டம் முடிந்து கணக்கைப் பார்த்தால் போட்டதில் பாதி வெளியே போயிருக்கும்.

அந்த வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை. அவருடைய வீட்டில், அவருடைய திரையில், அவருடைய இணையத்தில் அது பெஸ்ட்தான். மஸ்கெலியாவில் அதே ஷாட் வேறு ஷாட் ஆகிவிடுகிறது. ஜம்ப்ஷாட்டைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது, தேடித்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக: இந்த விளையாட்டில் நாம் உருவாக்கும் வீரனுக்கு எறியும் பாணியை நாமே கலந்து செய்யலாம். ‘பேஸ்’ என்பது காலும் குதிப்பும். அதன்மேல் கைக்கு இரண்டு ‘ரிலீஸ்’ எடுத்து, எது எத்தனை சதவீதம் என்று கலக்கலாம். அப்புறம் வேகம். அண்மைய பதிப்புகளில் இப்படிச் செய்த ஷாட்டுக்கு வேகம், பந்து கையை விடும் உயரம், தடுப்பவன் முன்னால் நின்றால் தாக்குப்பிடிக்கும் தன்மை, நேரம் தவறினால் மன்னிக்கும் தன்மை என்று மதிப்பெண்ணும் காட்டுவார்கள். வீரனின் உயரத்துக்கும் திறன் புள்ளிக்கும் ஏற்றபடிதான் பாணிகள் திறக்கும். பட்டனை அழுத்திப் பிடித்து, சரியான நொடியில் விட்டால் திரையில் பச்சை. பச்சை என்றால் பந்து உள்ளே.

பிரச்சினை அந்த ‘சரியான நொடி’யில்தான். திரை ஒரு செக்கனுக்கு 60 படம் காட்டுகிறது என்றால் ஒரு படத்துக்குச் சுமார் 17 மில்லி செக்கன். ஒன்லைனில் பிங், அதாவது நாம் அழுத்தியது இணையத்தில் போய்வர எடுக்கும் மில்லி செக்கன், 150 என்று காட்டினால் ஒன்பது படம் பின்னால் நிற்கிறோம். அதன்மேல் டிவி வேறு. பெரிய டிவிகள் படத்தை மெருகேற்றுகிறேன் என்று தன் பங்குக்கும் தாமதம் சேர்க்கும். ‘கேம் மோட்’ என்று ஒன்று செட்டிங்கில் இருக்கும், அதைப் போட்டாலே பாதிப் பேருடைய ஷாட் திருந்திவிடும். அதைச் செய்யாமல் நாளுக்கொரு ஷாட் மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

தாமதம் இருப்பது கூடப் பரவாயில்லை. ஒரே அளவாக இருந்தால் கை பழகிவிடும், கொஞ்சம் முன்னாலேயே விடப் பழகிக்கொள்ளும். நம்மைக் கொல்வது அது ஏறி இறங்குவது. எங்கள் பக்கம் மழை பிடித்தால், அல்லது இரவு எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் நாடகம் ஓடினால், சிக்னல் ரூட்டரில் விளையாடுகிறவனுக்குப் பிங் 90, 240, 110 என்று ஆடும். அந்த நேரத்தில் மின்னல் வேக ஷாட் வைத்திருப்பவன் குருட்டுத்தனமாக எறிகிறான். அவ்வளவு வேகமான ஷாட்டில் கையைப் பார்ப்பதற்கே அவகாசம் இல்லை.

உங்கள் ஷாட் கெட்டதா, இணையம் கெட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு எறிதலுக்கும் பிறகு ‘சற்று முந்தி’, ‘சற்றுப் பிந்தி’ என்று விளையாட்டே சொல்கிறதே, அதைக் கவனியுங்கள். முதலில் ஒன்லைன் இல்லாமல் தனியாக எறிந்து பாருங்கள். அங்கே எப்போதும் பிந்துகிறது என்றால் கையைத் திருத்தலாம், அல்லது விடும் குறியை மாற்றலாம். குதிக்கும்போதா, பந்து நெற்றிக்கு மேல் நிற்கும்போதா, கை தள்ளும்போதா, விரலை விட்டுப் போகும்போதா, எதைக் குறியாக வைப்பது என்று தெரிவு செய்ய இப்போது இடமிருக்கிறது. தனியாகச் சரியாக விழுந்து, ஒன்லைனில் மட்டும் ஒருமுறை முந்தி ஒருமுறை பிந்தி என்று தாறுமாறாக வந்தால் ஷாட்டைத் தொடவே தொடாதீர்கள். அது ரூட்டரின் வேலை. முடிந்தால் கேபிள் இழுங்கள்.

இப்போது முரளிதரன் விஷயத்துக்கு வருகிறேன். கூடைப்பந்து விளையாட்டில் கிரிக்கெட் எதற்கு என்று கேட்காதீர்கள், கண்டிப் பக்கத்து ஆளை விட்டுவிட்டு இதைப் பேச எனக்குத் தெரியாது. பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை, எந்தப் பக்கமும் வளையும் மணிக்கட்டு. 1995இல் மெல்பேர்ன் டெஸ்டில் நோ போல் என்று கத்தினார்கள். அதே கைதான் 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்தது. அந்தப் பாணியை எந்தப் பயிற்சியாளரும் இன்னொரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. அது அந்தக் கைக்கு உரியது. எல்லாரும் காப்பியடிக்கும் என்பிஏ வீரர் ஸ்டீபன் கரியின் ஷாட்டும் அப்படித்தான். சிறுவயதில் பலம் போதாமல் இடுப்புப் பக்கத்திலிருந்து எறிந்தவர் அவர். உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் ஒரு கோடை விடுமுறையில், அவருடைய அப்பா டெல் கரிதான் பந்தைத் தலைக்கு மேல் கொண்டுபோகும்படி ஷாட்டை அடியோடு மாற்ற வைத்தார். அந்தக் கோடை முழுக்க பந்து உள்ளே போகாமல் பையன் நொந்துபோயிருக்கிறார். பிறகு 2015–16 பருவத்தில் 402 மூன்று புள்ளி போட்டது ஊருக்கே தெரியும். நம் தம்பிமார் 402ஐப் பார்த்து ஆசைப்படுகிறார்கள், அந்தக் கோடையை மட்டும் தாண்டிவிடப் பார்க்கிறார்கள்.

“வேகமில்லாவிட்டால் தடுப்பவன் வந்துவிடுவானே அண்ணே” என்பான் என் சித்தப்பா மகன். நியாயமான கேள்வி. ஆறடி இரண்டங்குலக் கார்டு (வெளியே நின்று பந்தை நடத்தும் குட்டை ஆள்) வைத்து, ஒன்லைனில் கெட்டிக்காரர்களோடு மோதுகிறவனுக்கு வேகம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் உயரமான வீரனை வைத்துக்கொண்டும் வேகத்துக்கு அழுகிறவர்களை என்ன சொல்ல? நம் நாட்டு வலைப்பந்தைப் பார்த்தவர்களுக்குத் தர்ஜினி சிவலிங்கத்தைத் தெரியும். 6 அடி 10 அங்குலம். அவர் அவசரப்பட்டதே இல்லை. பந்தை வாங்கி, நிமிர்ந்து, மேலிருந்து போடுவார். தடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு கீழே நிற்பார்கள். 2018இல் ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் அவரும் இருந்தார். உங்கள் ஆள் சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆள், என்றால், பந்து கையை விடும் உயரத்துக்கு மதிப்பெண் தேடுங்கள், வேகத்தை மறந்துவிடுங்கள்.

நான் தேடும் முறை சாதாரணமானது. முதலில் பேஸ் மட்டும். கால் தரையை விடுவதும் பந்து மேலே போய் ஒரு கணம் நிற்பதும் என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒரே இழுப்பில் போகும் ஷாட்டை விட, மேலே சற்று நின்று போகும் ஷாட்தான் எனக்குச் சரி. ரிலீஸில் கலவை எனக்குப் பிடிக்காது. பாதிக்குப் பாதி கலந்தால் கை எங்கே நிற்கிறது என்றே புரிவதில்லை, அதனால் ஒன்றையே முழுதாக வைத்துக்கொள்வேன். வேகத்தை ஒரு படி குறைத்து வைப்பேன். மதிப்பெண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். பிறகு குறைந்தது ஒரு வாரமாவது மாற்றுவதில்லை. வீட்டில் கம்ப்யூட்டரோடு அல்லது பக்கத்து வீட்டுப் பையனோடு ஒரே டிவியில் விளையாடுகிறவர்கள் நம்மில் அதிகம். அவர்களுக்கு இதற்கு மேல் தேவையே இல்லை.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் புதுப் பதிப்பு வந்து பழைய கணக்கையெல்லாம் கலைத்துவிடும். நடுவில் வரும் அப்டேட்டுகளும் சும்மா இருப்பதில்லை. காப்பியடித்தவன் அன்றைக்கு மறுபடி யூடியூப்புக்கு ஓடுவான். கையைப் பார்த்துப் பழகியவனுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

இந்த வருடம் நான் வைத்திருக்கும் கலவை என்ன என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். உங்கள் வீரனின் உயரம், டிவி, இணையம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பேசலாம்.