ஒல்லியான அம்மாவுக்கும் பால் ஊறும்

பிள்ளை பெற்ற, 40 கிலோ எடையுள்ள ஒரு தங்கச்சி தனக்குப் பால் போதுமா என்று கேட்டதற்கு, "40 கிலோ உடம்பில் பால் எங்கே ஊறும், பவுடர் பால் கொடு" என்று ஒரு அக்கா பதில் சொல்லியிருக்கிறார். அது தப்பு அக்கா. குழந்தை எத்தனை முறை சப்புகிறது, மார்பு எவ்வளவு காலியாகிறது என்பதை வைத்துத்தான் பால் ஊறும். இடையில் பவுடர் பால் புகுந்தால் சப்புவது குறையும், பாலும் குறையும். கடுமையான ஊட்டக்குறைவு என்றால் வேறு விஷயம். கடலூர் முதுநகரில் மீன் கூடை சுமக்கிற மெலிந்த பெண்கள் எத்தனையோ பேர் தாய்ப்பாலிலேயே பிள்ளை வளர்த்திருக்கிறார்கள். சொல்லப்போனால், எடை அதிகமுள்ள சிலருக்குத்தான் பால் இறங்க 3 நாளுக்கு மேல் ஆகிறது; அவர்களும் விடாமல் கொடுக்கலாம்.

தங்கச்சி, பகலும் இரவுமாக 8 முதல் 12 முறை கொடும்மா. பிள்ளை வாயை அகலத் திறந்து, காம்போடு கருவட்டமும் உள்ளே போகிற மாதிரி கவ்வுகிறதா பார். ஐந்தாம் நாளுக்கு அப்புறம் தினமும் 6 துணியாவது நனைந்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். நீயும் கவலை மீன் குழம்பு, கீரை, பருப்பு என்று வயிறாரச் சாப்பிடு. மூத்திரம் குறைந்தாலோ, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பாவிட்டாலோ குழந்தையை டாக்டரிடம் காட்டிவிடு.