2014ல பிடிச்சது பெரும்பாலும் தூசிதான்
தம்பி, "பிரபஞ்சம் பிறந்தப்ப கிளம்புன ஈர்ப்பு அலைய தென் துருவ டெலஸ்கோப் 2014லயே கண்டுபிடிச்சாச்சு"ன்னு போட்டிருக்கீங்க, அது பாதிக் கதை. அந்த மார்ச்ல பைசெப்2ங்கிற அந்த டெலஸ்கோப்போட டீம் அப்படி அறிவிச்சது நெசந்தான், பிரபஞ்சத்தோட ஆதி ஒளியில போலரைசேஷன்ல (ஒளி அலை அதிர்ற திசைல) அந்த ஈர்ப்பு அலை விட்ட சுழித் தடத்தப் பார்த்துட்டோம்னாங்க, ஆனா அந்த டெலஸ்கோப் பார்த்தது 150 கிகாஹெர்ட்ஸ் ஒண்ணுலதான், நம்ம பால்வீதித் தூசியும் போலரைசேஷன்ல அதே மாதிரி சுழி காட்டும், ஒரே அலைவரிசைய வச்சுக்கிட்டு ரெண்டையும் எப்படிப் பிரிப்பீங்க? குறுவை அறுப்பு மெஷின் ஓடுறப்ப தஞ்சாவூர் ரோட்டுல லைட்டச் சுத்தி ஒரு மங்கல் தெரியும்ல, அது லைட்டோடதா என்ன. பிளாங்க் செயற்கைக்கோளோட, தூசி இன்னும் பளிச்சுன்னு தெரியுற 353 கிகாஹெர்ட்ஸ் டேட்டாவச் சேர்த்துப் பார்த்ததுமே 2015ல அந்தக் கிளெய்ம் நிக்கல (அறிவிப்புக்கு அடிச்ச தம்பட்டம் திருத்தத்துக்கு யாரும் அடிக்கல, அது வேற விஷயம்). 2021ல பைசெப், அதே துருவத்து கெக் டெலஸ்கோப் டேட்டாலயும் ஆர்ங்கிற அளவு (அந்த ஆதி ஈர்ப்பு அலை எவ்வளவு பலம்னு சொல்ற எண்) 0.036க்குக் கீழன்னு வரம்புதான் வந்துச்சு, அலை இன்னும் சிக்கல.