காது அழுக்கு எடுக்க நுரைக்கிற மருந்துதான் ஒரே வழியா?

"ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் காது அழுக்கு முழுக்க நுரையோடு வந்துவிடும், மற்றதெல்லாம் வீண்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. பொங்கி வருவது ஆக்சிஜன் குமிழ்கள்தான். அழுக்கு முழுக்கக் கரைந்ததற்கு அது அடையாளமில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, காது அழுக்குக்கான சொட்டு மருந்துகள் பற்றி 2018இல் 10 ஆய்வுகளை, மொத்தம் 623 பேரின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தது. எந்தச் சொட்டு மருந்தும் இன்னொன்றைவிடச் சிறந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. வெறும் தண்ணீரையோ உப்புநீரையோ விட மேல் என்பதற்கும் இல்லை. சுருக்கத்தை அவர்கள் தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம்.

செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, சீழ் வடிந்தாலோ எதையும் ஊற்றாதீர்கள். முதலில் டாக்டர் பார்க்கட்டும். அப்புறம், பட்ஸ் வேண்டவே வேண்டாம், அழுக்கை உள்ளே தள்ளிவிடும். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.