ஸ்க்ரூவை ஏன்யா சுத்தியலால் அடிக்கிறீங்க?

இன்றைக்குக் காலையில் கதவு கையோடு வந்துவிட்டது. மேல் கீல் நிலையை விட்டுப் பிய்ந்து தொங்குகிறது. மாட்டி முழுசாக 16 நாள்கூட ஆகவில்லை!

அன்றைக்கு நான் பக்கத்திலேயேதான் நின்றேன். தண்டையார்பேட்டை வெயிலில் டீ வாங்கிக் கொடுத்தேன். ஆசாரி கீலை நிலையில் பொருத்தினார், ஸ்க்ரூவை வைத்தார், சுத்தியலை எடுத்தார். டங். டங். டங். ஒன்றரை அங்குல ஸ்க்ரூ முக்கால்வாசி உள்ளே. அப்புறம் திருப்புளியை எடுத்துக் கடைசி இரண்டு சுற்று மட்டும் சுற்றினார்.

"அண்ணே, டிரில் போட்டுத் திருகலாமே?"

"அடிச்சாதான் தம்பி டைட்டா நிக்கும்."

அடுத்த ஸ்க்ரூ. டங். டங். டங். மூன்று கீல், கீலுக்கு எட்டு ஸ்க்ரூ. 24 ஸ்க்ரூவையும் அப்படியேதான் அடித்தார். ஒன்றையாவது திருகியிருக்கக் கூடாதா?

பிறகு அதில் மரை எதற்கு இருக்கிறது? திருகினால் அது மரத்தில் தனக்கென்று தடம் வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு சுற்றின் இடுக்கிலும் மரநார் உட்காரும். அப்புறம் பிடுங்க வேண்டுமானால் அத்தனை நாரையும் அறுத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அதுதான் பிடிப்பு. அடித்தால் போகிற வழியிலேயே மரை நாரையெல்லாம் கிழித்துப்போடுகிறது. மிச்சம் வெறும் ஓட்டை. ஸ்க்ரூவின் உள்தண்டைவிடக் கொஞ்சம் சிறிதாக ஒரு துளை, அவ்வளவுதான் கேட்டேன்.

கதவு 25 கிலோ, அகலம் இரண்டரை அடி, மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் நடுவே ஐந்தரை அடி. கணக்குப் போட்டேன். மேல் கீலை வெளியே இழுக்கும் விசை 6 கிலோகூட வராது. பையன் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் அவனுடைய 15 கிலோவுக்கு இன்னொரு 6 கிலோ. ஒழுங்காகத் திருகிய ஒரே ஒரு ஸ்க்ரூ இதைத் தாங்கும். இங்கே மேல் கீலின் எட்டில் நிலைப் பக்கம் மட்டும் நான்கு இருந்தன, நான்கும் விரலால் இழுத்தாலே வருகின்றன!

போன் போட்டால் மனிதர் அசரவே இல்லை. "ஓட்டையில தீக்குச்சியச் சொருகி மறுபடி அடிங்க தம்பி." மறுபடியும் அடியா!

இந்தக் கதவைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் தெருவில் தண்ணி லாரி வந்தது. கதவை விட முடியவில்லை, குடத்தை எடுக்க முடியவில்லை. இரண்டே நிமிஷம். அந்த லாரி இன்னும் இரண்டு நிமிஷம் நின்றால் என்ன குறைந்துபோகும்?