யாருக்கும் கோபம் இல்லை, ஆனால் யாரும் பேசுவதில்லை

ஆபீஸில் ஒருவரை எல்லோரும் கண்டுகொள்ளாமல் விட்டால், "அவர் யாரோடும் ஒட்டமாட்டார்" என்று குணத்தின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பார்க்க வேண்டியது அவரை அல்ல, சுற்றி இருப்பவர்களின் கண்களை.

மீட்டிங்கில் அவர் ஒரு யோசனை சொல்கிறார். உடனே பலரின் பார்வையும் மேனேஜர் பக்கம் போகும். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லையா, அவ்வளவுதான், பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடும். சற்று நேரம் கழித்து அதே யோசனையை வேறொருவர் சொன்னால் "அட, நல்லா இருக்கே!" என்பார்கள்.

தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு அவர்மேல ஒண்ணும் இல்லப்பா, மத்தவங்களுக்குத்தான் ஏதோ..." என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. 1968-இல் லட்டானே, டார்லி என்ற இரு உளவியலாளர்கள் ஆட்களை ஓர் அறையில் உட்காரவைத்து, உள்ளே புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் போய்த் தகவல் சொன்னார்கள். சலனமே காட்டக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்த இருவர் கூட இருந்தபோது, 10 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். கண்ணெதிரே வரும் புகையையே அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்கிறோம். மூலையில் வாடிப்போய் உட்கார்ந்திருக்கும் மனிதர் எம்மாத்திரம்?

திட்டினால் புகார் கொடுக்கலாம், சாட்சி கேட்கலாம். பேசாமல் இருந்ததற்கு எச்ஆரிடம் போய் என்னவென்று சொல்வது? கனடாவில் சாண்ட்ரா ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்தார்கள். துன்புறுத்துவதைவிட ஒதுக்குவது பரவாயில்லை என்றுதான் ஊழியர்கள் கருதினார்கள். ஆனால் உடல்நலம் கெடுவதிலும் வேலையை விட்டுப் போவதிலும் ஒதுக்கலுக்குத்தான் தொடர்பு அதிகம் தெரிந்தது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. அந்த ஒருவருக்கு நடப்பதை டீம் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. எதைச் சொன்னால் அந்த நாற்காலி தனக்கு வரும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை இன்னும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். கேள்விகள் குறைகின்றன, தப்பைச் சுட்டிக்காட்டும் ஆட்கள் குறைகிறார்கள். "எங்க டீம்ல சண்டையே கிடையாது" என்று மேனேஜர் பெருமையாகச் சொல்லும் இடங்களில்தான் இதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.